மணற்குடமும் மண்குடமும்

மணலிலே குடம் வனைந்தாளாம் ரேணுகை! சக்கரம் இல்லை, சூளை இல்லை, பிசைந்த களிமண்ணும் இல்லை. நாள்தோறும் ஆற்றங்கரைக்குச் செல்வாளாம். ஈர மணலை அள்ளுவாளாம். கற்பின் வலிமையால் அது குடமாகுமாம். அதிலே நீர் மொண்டு வருவாளாம். ஒருநாள் வான்வழிச் சென்ற கந்தருவனின் உருவம் நீரிலே தெரிய, அவன் அழகை ஒரு நொடி வியந்தாளாம். அவ்வளவுதான்! மணல் மணலாகவே உதிர்ந்ததாம். வெறுங்கையோடு வந்த மனைவியின் தலையை வெட்டுமாறு முனிவன் ஆணையிட, பெற்ற மகனே வெட்டினானாம்.

ஆடி பிறந்துவிட்டால் படவேட்டு ரேணுகாம்பாள் கோயிலை நோக்கி வண்டி வண்டியாக மக்கள் வருகின்றனர். அவர்களிலே இந்தக் கதையைக் கேளாதவர் அரியர். தாயின் தலை கொய்த தனயனைப் பற்றி நம் இயக்கத்தார் பேசியதும் எழுதியதும் ஏராளம். ஆகவே, நாம் இங்கே எடுத்துக்கொள்வது தலையை அன்று, குடத்தை!

அந்தக் குடம் எப்படி உருவாயிற்று என்பது ரேணுகைக்கே தெரியாது. தெரிந்திருந்தால், உதிர்ந்ததும் மறுபடி வனைந்திருப்பாளே! தெரியாததால்தான் தலையையே இழந்தாள். ஊர்க் குயவரோ களிமண்ணின் பதம் அறிவார். அதில் எவ்வளவு மணல் சேர்த்தால் சூட்டில் விரியாது என்பதை அறிவார். நிழலில் உலர்த்தும் நாளும் சூளையின் வெப்பமும் அவர் அறிவார். குடம் உடைந்தால் இன்னொன்று வனைவார். மகனுக்குக் கற்பிப்பார், மகளுக்குக் கற்பிப்பார். அடுத்த ஊர்க் குயவர் அதைப் பார்த்து, கழுத்தைச் சற்றுக் குறுக்கி, இன்னும் நல்ல குடம் ஒன்று செய்வார். எந்தக் கந்தருவன் எந்த வானத்தில் பறந்தாலும் இந்தக் குடம் உதிராது!

அருளால் வந்தது மணற்குடம். அறிவாலும் உழைப்பாலும் வந்தது மண்குடம். கலையாயினும் அறிவியலாயினும், மனிதன் படைத்தவை அனைத்தும் மண்குடங்களே என்பது நம் துணிபு. அவற்றை மணற்குடங்கள் என்று சாதிக்கும் கூட்டம் ஒன்று நெடுங்காலமாக இருந்து வருகிறது. அந்தக் கூட்டத்தின் கொள்கையால் யாருக்கு நட்டம், யாருக்கு இலாபம் என்பதைத்தான் நாம் இங்கே பார்க்க வேண்டும்.

காளிதாசன் நாவிலே காளி எழுதினாளாம், காவியம் பிறந்ததாம்! காளமேகம் வாயிலே திருவானைக்கா அம்மை தாம்பூலத்தை உமிழ்ந்தாளாம், கவிமழை பொழிந்ததாம்! சம்பந்தருக்கு ஞானப்பால் ஊட்டினாளாம்; பதிகம் பிறந்ததாம்! கேட்கக் கேட்கச் சுவைதான். ஆனால், இந்தக் கதைகளிலே எந்தக் கவிஞனாவது ஓர் ஏடு படித்ததாக உண்டா? ஓர் அடியை எழுதி, பிடிக்காமல் அடித்து, மறுபடி எழுதியதாக உண்டா? ஆசானிடம் திட்டு வாங்கியதாக உண்டா? இல்லை! உழைப்பின் சுவடு முழுவதையும் துடைத்துவிட்டு, அந்த இடத்திலே ஒரு தெய்வத்தை உட்கார வைத்துவிட்டார்கள். இது புகழ்ச்சி போலத் தோன்றும் திருட்டு. கவிஞனுடைய முதுகைத் தட்டிக்கொண்டே அவனுடைய சட்டைப்பையில் கை விடுகிறார்கள்!

பெண்ணானால் இந்தத் திருட்டு இன்னும் கொடிது. அவள் திறமைக்கு வேர் அவளுடைய அறிவு அன்று, கற்பு என்கிறது ரேணுகை கதை. 1911இல் ஐரோப்பாவிலும் இந்தக் கதை ஒருமுறை நடந்தது. மேரி கியூரிக்கு இரண்டாம் முறை நோபல் பரிசு அறிவிக்கப்பட்ட வேளை. கணவரை இழந்திருந்த அவருடைய தனி வாழ்வைப் பற்றிப் பாரிசு நகர ஏடுகள் சேறு வாரி இறைத்தன. பரிசு பெற நேரில் வரவேண்டாம் என்று சுவீடன் நாட்டு அறிவியலார் ஒருவரே கடிதம் எழுதினார். கியூரி என்ன செய்தார்? பரிசு ரேடியத்தையும் பொலோனியத்தையும் கண்டதற்காக, என் அறிவியல் பணிக்கும் என் சொந்த வாழ்வுக்கும் தொடர்பில்லை என்ற கருத்தில் விடை எழுதினார், நேரில் சென்றார், பரிசைப் பெற்றார். ஒழுகும் கொட்டகையிலே, டன் கணக்கான தாதுக் கழிவைக் காய்ச்சிக் கிளறி, 1902இல் அவர் பிரித்தெடுத்த ரேடிய உப்பு ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு. ஊர் தூற்றியதால் அது உதிர்ந்தா போயிற்று? ரேணுகையின் குடம் உதிர்ந்தது. கியூரியின் ரேடியம் உதிரவில்லை. ஏனெனில் ஒன்று கதை, மற்றொன்று வேலை!

“அதெல்லாம் சரி, உங்கள் தமிழ்நாட்டு இராமானுசன் என்ன சொன்னார்? நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரம் தந்ததாக அவரே சொல்லவில்லையா?” என்று கேட்பார்கள் வைதிகத் தோழர்கள். கேட்கட்டும். இந்தக் கேள்வியிலிருந்து நாம் ஓடப்போவதில்லை.

இராமானுசன் பக்தர் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால், ஒருவர் தம் திறமைக்குக் கூறும் காரணமும், அத்திறமையின் உண்மையான காரணமும் ஒன்றாக இருந்தே தீரவேண்டுமா? அவர் வாழ்வைப் பார்ப்போம். ஏறத்தாழ 16 வயதில் கார் என்பவர் தொகுத்த கணித நூல் அவர் கைக்கு வந்தது. ஏறத்தாழ 5,000 தேற்றங்கள். பெரும்பாலானவற்றுக்கு விளக்கமான நிறுவல் கிடையாது. ஒவ்வொன்றையும் தாமே நிறுவிப் பார்க்க முனைந்தார் அந்த இளைஞர். தாள் வாங்கக் காசில்லாமல் பலகையிலே எழுதினார், முழங்கையால் அழித்தார், மீண்டும் எழுதினார். கணிதத்தில் மூழ்கி மற்றப் பாடங்களைக் கைவிட்டார். குடந்தைக் கல்லூரியின் உதவித்தொகையை இழந்தார். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் படித்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் கணக்கெழுதும் வேலை பார்த்தார். அந்த ஆண்டுகளிலெல்லாம் இரவும் பகலும் அவர் எழுதிக் குவித்த குறிப்பேடுகள் இன்றும் உள்ளன. கனவில் சூத்திரம் வந்தது என்றால், கண் விழித்திருந்தபோது இத்தனை ஆயிரம் கணக்குகள் போட்ட மூளைக்குத்தானே வந்தது? பக்கத்து வீட்டில் உறங்கிய பக்தருக்கு ஏன் வரவில்லை? நாமக்கல்லில் நாள்தோறும் நாமகிரியைத் தொடும் அர்ச்சகருக்கு ஏன் வரவில்லை?

இன்னொன்று. 1913 சனவரியில் கேம்பிரிட்சுப் பேராசிரியர் ஆர்டிக்கு இராமானுசன் எழுதிய கடிதத்தில், பகா எண்களைப் பற்றி அவர் கூறியவற்றிலே பிழை இருந்தது. சிக்கலெண்களின் சார்பியக் கணிதம் அவருக்கு அப்போது அறிமுகமாகாததே அதற்குக் காரணம் என்று ஆர்டி விளக்கினார். தாயார் தந்த சூத்திரத்திலே தவறு வருமா? தாயாருக்குமா அந்தப் பாடம் தெரியாமற்போயிற்று? தவறு செய்தவர் மனிதர். ஆகவே சரியாகச் செய்தவரும் அதே மனிதர்தாம்! பிழையை மனிதன் தலையிலும் பெருமையை தெய்வத்தின் தலையிலும் எழுதும் கணக்கு, இராமானுசனின் கணக்கு அன்று, புரோகிதத்தின் கணக்கு.

பின்னர் அவரும் ஆர்டியும் சேர்ந்து, ஓர் எண்ணை எத்தனை வகையாகக் கூட்டலாகப் பிரிக்கலாம் என்பதற்கு ஒரு சூத்திரம் கண்டு 1918இல் வெளியிட்டனர். 4 என்ற எண்ணை 5 வகையாகப் பிரிக்கலாம். 200 என்றால்? மக்மாகன் என்பவர் பெருமுயற்சியோடு கையாலேயே கணக்கிட்டுச் சொன்னார்: 3,97,299 கோடியே 90 லட்சத்து 29 ஆயிரத்து 388! சூத்திரம் தந்த விடையை இந்த எண்ணோடு ஒப்பிட்டார்கள், ஒத்தது, ஏற்றார்கள். கனவில் வந்தது என்று சொல்லி யாரும் கண்ணை மூடிக்கொண்டு கும்பிடவில்லை. திடீரென்று உதிக்கும் எண்ணம் உண்டு. நாம் அதை மறுக்கவில்லை. பிரெஞ்சுக் கணித மேதை புவாங்கரேக்கு வண்டியின் படியில் கால் வைத்த நொடியில் ஒரு பெரும் விடை பளிச்சிட்டது. ஆனால் அதற்குமுன் பதினைந்து நாள் அவர் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார். வீடு திரும்பியபின் உட்கார்ந்து சரிபார்த்தார். இதை அவரே எழுதி வைத்திருக்கிறார். பளிச்சிடுவது மின்னல்தான், ஆனால் மேகம் திரளாத வானத்திலே மின்னல் ஏது?

“அறிவியலுக்கு இது பொருந்தலாம், கலைக்குப் பொருந்தாது” என்பர் வேறு சிலர். இதிலே ஓரளவு நியாயம் உண்டு. நியூட்டன் நுண்கணிதம் காணாதிருந்தாலும் இலைப்னிட்சு கண்டிருப்பார், கண்டும் இருந்தார். டார்வின் தயங்கியபோது வாலசு அதே கொள்கையோடு வந்து நின்றார். இருவர் கட்டுரைகளும் 1858இல் ஒன்றாகவே படிக்கப்பட்டன. ஆனால் இளங்கோ எழுதாதிருந்தால் சிலப்பதிகாரத்தை இன்னொருவர் எழுதியிருக்க முடியாது. கலையிலே படைத்தவரின் கைரேகை அழியாமல் நிற்கிறது. உண்மை! ஆயினும் அந்தக் கை வேலை செய்த விதம் வேறா? கடலோரத்தாரின் பாட்டையும் ஆயர் மகளிரின் குரவையையும் குன்றத்துக் குறவரின் கூத்தையும் எடுத்து, வேந்தனை நாயகனாக்கும் வழக்கத்தை விட்டு, ஒரு வணிகன் மனைவியை நடுநாயகமாக நிறுத்தினார் இளங்கோ. எடுத்தது மக்களிடமிருந்து, தேர்ந்ததும் தொடுத்ததும் துணிந்ததும் அவர். இதிலே வானத்திலிருந்து விழுந்தது எது?

கலையும் அறிவியலும் கைகோத்த காட்சி வேண்டுமா? நாதசுர மேதை டி.என். இராசரத்தினம் பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். பழைய திமிரி நாயனத்தில் சுத்த மத்திமம் இயல்பாக ஒலிப்பதில்லை. ஊதுபவர் மூச்சையும் உதட்டையும் வருத்தி அதைக் கொண்டுவர வேண்டியிருந்தது. நரசிங்கம்பேட்டையில் நாதசுரம் செய்யும் அரங்கநாத ஆசாரியார், குழலின் நீளத்தையும் துளைகளின் இடத்தையும் மாற்றி மாற்றிக் கடைந்து பார்த்து, 1950களில் பாரி நாயனத்தை உருவாக்கினார். வாசித்தவர் காது சொன்னது, கடைந்தவர் கை கேட்டது. ஆச்சா மரத்திலே ஒரு துளை எங்கே விழவேண்டும் என்பது கலையா, அறிவியலா? பிரித்துச் சொல்லட்டும் பார்ப்போம்!

நரசிங்கம்பேட்டைக்கு ஏன் போகவேண்டும்? நம் ஆரணி வட்டாரத்துத் தறியே போதும். பட்டுச் சேலையின் முந்தானையிலே ஒரு மயில் எப்படி அமர்கிறது? முதலில் கட்டத்தாளிலே மயிலை வரைகிறார்கள். ஒவ்வொரு கட்டமும் பாவு நூலும் ஊடை நூலும் சந்திக்கும் ஓர் இடம். அதைப் பார்த்து அட்டைகளில் துளையிடுகிறார்கள்; அட்டைகளைச் சங்கிலியாகக் கோத்து, தறியின் மேலுள்ள ஜக்கார்டு பெட்டியில் மாட்டுகிறார்கள். துளை இருந்தால் ஊசி நுழையும், அந்தப் பாவு நூல் எழும். துளை இல்லையேல் எழாது. ஆம் அல்லது இல்லை! இந்த இரண்டே சொற்களால் மயில் தோகை விரிக்கிறது.

இந்தப் பெட்டிக்குப் பெயர் தந்த ஜக்கார்டு பிரான்சு நாட்டு நெசவாளி வீட்டுப் பிள்ளை. 1804 அளவில் அதை உருவாக்கினார். அவரும் வெறுங்கையால் முழம் போடவில்லை. 1725இல் புஷோன் துளையிட்ட தாளை வைத்து முயன்றதும், பின்னர் ஃபால்கோனும் வோக்கன்சனும் அதை மேம்படுத்தியதும் அவருக்கு முன்னே கிடந்தன. இங்கிலாந்தில் சார்லசு பாபேசு, துளை அட்டையால் நூலை ஆள முடியுமானால் எண்ணை ஏன் ஆள முடியாது என்று கேட்டு, 1830களில் பகுப்புப் பொறியைத் திட்டமிட்டார். அந்தப் பொறியின் பொருளை உலகுக்கு விளக்கி 1843இல் குறிப்புகள் எழுதியவர் ஒரு பெண், ஏடா லவ்லேசு. 1890இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஆலரித்து துளை அட்டையால் முடித்தார். அந்த வழியின் தொடர்ச்சியே இன்று நம் சட்டைப்பையில் இருக்கும் கருவி. பட்டிலே பூ நெய்யப் பிறந்த அட்டை, கணினிக்கு முன்னோடியாயிற்று! இன்று அதே கணினியில் மயிலை வரைந்து தறிக்கு அனுப்புகிறார்கள். அந்தக் கணினிக்கு ஆயுத பூசையன்று பொட்டும் வைக்கிறார்கள்!

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும். உழைப்பெல்லாம் படைப்பு ஆகாது. குழித்தறியில் கால் மிதித்துக் கை நாடா எறிந்து, ஒரே அட்டையை ஐம்பது ஆண்டு நெய்பவரும் உழைக்கிறார். ஆனால் புதிய மயிலை அவர் படைக்க வாய்ப்பு உண்டா? கூலிக்கு நெய்பவர், கூலி தருபவர் கொடுத்த வடிவத்தைத்தான் நெய்ய முடியும். தவறிப் போனால் தாங்க வயிற்றில் வலு இல்லை. இராமானுசனுக்கு முதலில் மாதம் 25 ரூபாய் தந்து தாங்கினார் நெல்லூர் கலெக்டர் இராமச்சந்திர ராவ். 1913இல் 75 ரூபாய் உதவித்தொகை தந்தது சென்னைப் பல்கலைக்கழகம். கடல் கடந்தால் சாதி கெடும் என்று சாத்திரம் தடுத்தது. கப்பல் ஏற்றி அனுப்பியவர்கள் மனிதர்கள். படைப்புக்கு வேண்டியவை நான்கு: முன்னோர் சேர்த்த அறிவு கைக்கு எட்டவேண்டும், ‘ஏன்’ என்று கேட்க உரிமை வேண்டும், சிந்திக்க ஓய்வு வேண்டும், தவறினால் மறுபடி முயலச் சோறு வேண்டும். இந்த நான்கில் எதையும் கோயில் உண்டியல் தருவதில்லை!

தவறியபின் மறுபடி முயல்வதன் அருமையை அண்மையிலே நாடே பார்த்தது. 2019 செப்டம்பர் 7 அன்று சந்திரயான்-2 இறங்குகலம் நிலவில் மோதிச் சிதைந்தது. ஏவுவதற்குமுன் திருப்பதி போகாமலா இருந்தார்கள்? போனார்கள். 2023இல் சந்திரயான்-3 புறப்படுமுன்னும் சிறு மாதிரியை ஏந்திக்கொண்டு திருமலைக்குப் போனார்கள். வழிபாடு இரண்டு முறையும் ஒன்றே. மாறியது எது? இறங்குகலத்தின் கால்களை வலுப்படுத்தினார்கள், எரிபொருளைக் கூட்டினார்கள், விரைவை அளக்கும் புதிய லேசர் கருவியைப் பொருத்தினார்கள், இறங்கும் பரப்பை 500 மீட்டர் சதுரத்திலிருந்து 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டராக விரித்தார்கள். என்னென்ன தவறலாம் என்று பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் மாற்று வைத்தார்கள். 2023 ஆகஸ்டு 23 அன்று மெதுவாக இறங்கியது. திட்ட இயக்குநர் வீரமுத்துவேல், விழுப்புரத்து இரயில்வே தொழிலாளி ஒருவரின் மகன். பாலிடெக்னிக்கில் பட்டயம் படித்து மேலேறியவர். வெற்றிக்குக் காரணம் ஏழுமலையான் என்றால், தோல்விக்குக் காரணம் யார்? இந்தக் கேள்வியைக் கேட்டால் மட்டும் பக்தர்கள் பஞ்சாங்கம் பார்க்கப் போய்விடுகிறார்கள்!

யாருக்கு நட்டம் என்று முதலில் கேட்டோம். இதோ விடை. அருள் என்ற கொள்கைக்கு உடன்பிறந்த கொள்கை ஒன்று உண்டு. அதன் பெயர் பிறவி. திறமை மேலிருந்து வருவது என்று ஒப்புக்கொண்டால், அது இன்ன குலத்துக்கு வரும், இன்ன குலத்துக்கு வராது என்று சொல்ல ஒரு புரோகிதன் உடனே வந்து நிற்பான். ஆசான் இல்லாமல், பார்த்தும் பழகியும் வில் கற்றான் ஏகலைவன். அருள் இல்லாமல் கலை வந்த குற்றத்துக்குக் கட்டைவிரலைக் கேட்டார்கள். அது புராணம் என்று ஒதுக்காதீர்கள். 1953இல் இதே தமிழ் மண்ணில், பாதி நாள் பள்ளி, மீதி நாள் அப்பன் தொழில் என்று ஒரு கல்வித் திட்டம் வந்ததே! குலக்கல்வி என்று பெரியாரும் கழகத்தாரும் கொதித்தெழுந்த பின்னரே, 1954இல் காமராசர் ஆட்சியில் அது கைவிடப்பட்டது. அது நிலைத்திருந்தால், விழுப்புரத்துத் தொழிலாளியின் மகன் நிலவுக்கு வழி கண்டிருப்பாரா?

திட்டம் போயிற்று, எண்ணம் போயிற்றா? “கணக்கு உன் தலையில் எழுதவில்லை” என்று பிள்ளையைப் பார்த்துச் சொல்லும் வீடுகள் இன்னும் உள்ளன. “அவனுக்குச் சரசுவதி கடாட்சம், உனக்கு இல்லை” என்று கூறும் வகுப்பறைகளும் உள்ளன. படவேட்டிலோ ஆரணியிலோ, பள்ளி விட்டதும் தறிக்குழியருகே நூல் சுற்ற உட்காரும் சிறுமி இதைக் கேட்கிறாள்; நம்பிவிடுகிறாள். அவள் தலைக்குமேலே தொங்கும் அட்டைச் சங்கிலி கணினியின் முன்னோடி என்பதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு இராமானுசனை அருளால் வந்தவர் என்று நாம் கும்பிடும்போதெல்லாம், வாய்ப்பில்லாமல் மங்கிய ஆயிரம் மூளைகளுக்கு, உனக்கு அருள் இல்லை என்று தீர்ப்பு எழுதுகிறோம். இதுதான் நட்டம். இலாபம் யாருக்கு என்பதை உண்டியலைக் கேளுங்கள்!

தெய்வத்தால் ஆகாதது முயற்சியால் ஆகும் என்ற பொருளில் வள்ளுவர் பாடி எத்தனை நூற்றாண்டு ஆயிற்று! பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத பெரியார், ‘இனிவரும் உலகம்’ என்ற நூலில், ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் கம்பியில்லாச் செய்திக் கருவி இருக்கும் என்று எழுதினார். அது தீர்க்கதரிசனம் அன்று. அறிவியல் போகும் திசையைப் பார்த்து, அடுத்த அடி எங்கே விழும் என்று கணித்த பகுத்தறிவு. அந்தத் திறன் யாருக்கும் வரும்; பழகவேண்டும்.

ஆகவே, இளைஞர்களே, நாம் செய்யவேண்டியது நாத்திகம் பேசுவதோடு முடிந்துவிடவில்லை. ஒரு பாட்டை வியந்தால், அது எப்படி ஆக்கப்பட்டது என்று கேட்போம். ஒரு கருவியைக் கையில் எடுத்தால், அதற்குமுன் தோற்ற கருவிகளின் கதையையும் தேடுவோம். படிப்பகத்திலே படிப்பதோடு நில்லாமல், ஒரு பழைய ஜக்கார்டு பெட்டியைத் திறந்து வைத்துப் பிள்ளைகளுக்கு விளக்குவோம். தறியில் அமர்ந்தவரைப் புது வடிவம் வரையச் சொல்வோம். வரைந்தவர் பெயரைச் சேலையோடு சேர்த்துச் சொல்லும்படி வணிகரைக் கேட்போம். கூலி உயரவும் ஓய்வு கிடைக்கவும் போராடுவது வயிற்றுக்கான போராட்டம் மட்டுமன்று. படைப்புக்கான போராட்டமும் அதுவே என்பதை ஊருக்கு உணர்த்துவோம்.

பிள்ளை ஒன்று கணக்கில் தவறினால், தலையெழுத்தைக் காட்டாதீர்கள். தவறிய இடத்தைக் காட்டுங்கள். அங்கிருந்து அது மறுபடி தொடங்கட்டும்.